நாற்பது சூரியன்

எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் ஒருவர் வாசற்படி தாண்டும்போது பக்கத்து வீட்டில் யாராவது தும்மிவிட்டால், தாண்டியவர் திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் என் அடுத்த வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் அந்த ஆளை விடமாட்டார்.

"தும்முனது அவன். காலு உன்னோடது. அவன் மூக்கு உன் கால எப்படித் தடுக்கும்? எப்படின்னு சொல்லு, நானும் கூட வந்து தண்ணி குடிக்கிறேன்."

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகி ஓடுகிறவன் என்ன பதில் சொல்வான்? "விடுங்கலா மண்டோர், கங்காணி கத்துவாரு," என்று ஓடிவிடுவான்.

பேக்டரியில் தேயிலையைக் காயவைக்கும் பெரிய அடுப்புக்கு அவர் மண்டோர். கட்டை போடுகிறவர்களை மேய்ப்பதும், சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. லைனில் எல்லோரும் அவரை 'எப்படி மண்டோர்' என்றே சொன்னோம். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் மனைவி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். பெயரைப் போட்டால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

நான் அப்போது தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருந்தேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. முதலில் எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றின் கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகை வழியாகப் போனவர் நின்றுவிட்டார்.

"ஏன் தங்கச்சி, கயிறு காய்ச்சல எப்படி எறக்கும்?"

எனக்கு வந்ததே கோபம். "கயிறு புள்ளைக்கில்லண்ணே, அவங்கம்மாவுக்கு. இதக் கட்டலைன்னா அவ மலையில நின்னுக்கிட்டு கூடையில கொழுந்துக்குப் பதிலா கண்ணீரத்தான் போடுவா. மருந்து ஆஸ்பத்திரி டிரசர் குடுத்துட்டாரு. போய் உங்க அடுப்பப் பாருங்க."

கயிற்றைப் பார்த்தார். "அது சரி. அது எப்படின்னு புரியுது," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது. வீண் சண்டைக்காரர் இல்லை. பதில் சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்வார். பதில் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு வானநூல் புத்தகம் இருந்தது. ஈப்போவில் ஏதோ பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்பக்கம் கொஞ்சமும் பின்பக்கம் கொஞ்சமும் கிழிந்துபோய், நடுவில் நட்சத்திரங்களைப் பற்றிய பகுதி மட்டும் முழுதாக இருந்தது. ஆகவே அவருக்கு நட்சத்திரங்களைப் பற்றி நிறையத் தெரியும், நிலாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிரகணம் ஏன் வருகிறது என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கேலியாகக் கேட்டதற்கு, "அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சுங்க," என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார்.

அந்த நட்சத்திரங்களிலும் ஒன்றுதான் அவருக்குச் செல்லம். ரோகிணி. ஏன் அதன்மேல் அப்படி ஒரு பிரியம் என்று கேட்டால், அடுப்பைக் காட்டுவார். பேக்டரி அடுப்பில் சின்னதாக ஒரு இரும்பு மூடி உண்டு. அதைத் தள்ளி உள்ளே பார்த்து, நெருப்பின் நிறத்தை வைத்தே சூட்டைச் சொல்வார். "செவந்து எரிஞ்சா சூடுன்னு நெனைக்காதீங்கடா. வெளுக்க வெளுக்கத்தான் சூடு. ஆரஞ்சுன்னா அடுப்பு கொஞ்சம் சோந்து கெடக்குன்னு அர்த்தம். கட்டையப் போடுங்க." ரோகிணியும் அதே ஆரஞ்சு நிறம்தான். தன் அடுப்பை வானத்திலும் பார்த்தால் மனுசனுக்குச் சந்தோஷம் வரும்தானே.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நாங்கள் நிற்கும்போது, பனிமூட்டம் இல்லாத நாளாக இருந்தால், கிழக்கே கார்த்திகைக் கூட்டமும் அதற்குக் கீழே அந்த ஆரஞ்சுப் புள்ளியும் தெரியும். அடுப்பு வேலைக்கு மேடு ஏறிப் போகும் வழியில் அவர் அங்கே நின்று கையை நீட்டிவிடுவார்.

"அந்தா பாருங்க. நம்ம சூரியன் மாதிரி நாப்பது சூரியன வரிசையா அடுக்குனா, அதோட ஒரு குறுக்களவு."

"நாப்பதா!" என்று பெண்கள் வாயில் கை வைப்பார்கள். "ஆத்தாடி! ஒண்ணே இந்தப் போடு போடுது!"

அந்த 'ஆத்தாடி'க்காகவே அவர் அதைச் சொன்னார் என்பது என் கட்சி. அதற்குமேலும் சொல்லுவார். அதன் எடை என்ன, சூடு என்ன, வயசு என்ன என்றெல்லாம் தொடர்வார். அதைக் கேட்க யாரும் நிற்பதில்லை. கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார், எல்லோரும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, எங்கள் தோட்டம் முழுக்க ரோகிணியைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது நாற்பது சூரியன் அளவு பெரியது. அது பின்னால் அவருக்கே வினையாக வந்து நின்றது.

எழுபதுகளின் கடைசியில் அவருடைய தங்கச்சி வயிற்றுப் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். அவளைக் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்து லோரிக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவன் ஒருநாள் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினான். லோரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. தெற்கே எங்கோ வேறு ஒருத்தியோடு இருக்கிறான் என்று பேச்சு. அண்ணன் வீட்டைவிட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. மண்டோர் மனைவியும் அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். அதையும் சொல்ல வேண்டும். தனக்கு இரண்டு முறை தங்காமல் போன வயிறு என்பதால், நாத்தனாரின் வயிற்றைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள். இஞ்சிச் சாறு என்ன, வெந்நீர் என்ன, தரையில் கால் வைக்க விடவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. பிரிஞ்சாங் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: ரோகிணி நட்சத்திரம்.

ரோகிணியில் ஆண் பிள்ளை பிறந்தால் தாய்மாமன் உயிருக்கு ஆகாது. எங்கள் சனத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பரிகாரமும் உண்டு. மாமன் பிள்ளையின் முகத்தை நேரில் பார்க்கக் கூடாது. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் விழும் நிழலை முதலில் பார்த்துவிட்டுத்தான் பிறகு நேரில் பார்க்க வேண்டும். எங்கள் ஆள் என்ன செய்தார் தெரியுமா? செய்தி தெரிந்ததும் வேலை உடுப்போடு வேனில் ஏறிப்போய், பிள்ளையைத் தூக்கி மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

அவர் மனைவி அலறிவிட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை, எல்லாம் காதில் விழும்.

"அந்தப் புள்ள இந்தப் படி ஏறக் கூடாது. உங்க தங்கச்சி வரட்டும், நான் சோறு போடுறேன். புள்ளைய எங்கயாவது குடுத்துடணும்."

"தவிட்டுக்குக் குடுத்து வாங்கிக்கலாம், அவ்வளவுதானே? உன் மனசுக்காக அதைக்கூடச் செய்யறேன்."

பிள்ளையை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டால், அது வேறு வீட்டுப் பிள்ளையாகிவிடும், தோஷம் போய்விடும் என்பது ஒரு கணக்கு. அவள் அதற்கு மசியவில்லை.

"சாமி என்ன மடையனா, தவிட்டப் பாத்து ஏமாற? நெசமாவே குடுத்துடணும்."

கோலா தெர்லாவில் பூச்செடி வளர்க்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி, பிள்ளை இல்லாதவர்கள், வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். முப்பதாம் நாள் சாமி கும்பிட்டதும் வந்து தூக்கிக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்தது. பெற்றவளை யார் கேட்டார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள், அடுத்த வீட்டில் அவள் பிள்ளைக்கு இடம் இல்லாததால். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "அக்கா, அண்ணன் விடமாட்டாரு இல்ல?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள்.

அண்ணன் விடவில்லை என்பது உண்மைதான். வாயால்தான் விடவில்லை. தினமும் அந்திக்கு வேலைவிட்டு வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்கும்.

"இங்க பாரு. புள்ள பொறந்த அன்னிக்கு நெலா அந்த நட்சத்திரத்துக்கு நேரா நின்னுச்சு. பக்கத்துலகூட இல்ல, நம்ம கண்ணுக்கு நேரா. இன்னிக்கு நாம பாக்கற வெளிச்சம் அங்கருந்து கெளம்பி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப எங்கப்பாவே கப்பல் ஏறல. நான்னு ஒருத்தன் பொறப்பேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அறுபது வருஷமா வந்துக்கிட்டே இருக்கா?" என்று அவள் திகைத்துப்போய்க் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. "அப்படி விடாம வந்து சேருதுன்னா, அது சும்மாவா வரும்? நாப்பது சூரியன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு சூரியன் அடிச்சாலே தலை சுத்தி மலையில விழறோம். நாப்பது சூரியன் ஒருத்தன் மேல கண்ணு வெச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைக்காரி அழுவதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வருஷக்கணக்காகப் பெரட்டுக்களத்தில் நின்று இவர் ஊட்டிய பயம் அது. அவள் மட்டுமா? லைன் முழுக்க அதே பேச்சு. "சின்ன நட்சத்திரமா இருந்தாக்கூடப் பரவால்லலா. மண்டோரே சொல்லியிருக்காரு, நாப்பது மடங்காம்." முன்னெல்லாம் சும்மா சாஸ்திரம் என்று விட்டுவிடக்கூடியவர்கள்கூட இப்போது அளவோடு பயந்தார்கள்.

சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும் என்று அவருக்கும் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் குழாயடிக்கு வந்தார். ஒரு கையில் ஒரு பிடி அரிசி. இன்னொரு கையில் ஒரு பை நிறையப் பொரி. துணி துவைத்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்த அரிசியப் பொரிச்சா இவ்வளவு பொரி வரும். எடை கூடுமா?"

"கூடாது," என்றேன் நான். சீக்கிரம் முடியட்டும் என்றுதான்.

"அதான் ரோகிணி. நம்ம சூரியனவிட அதுக்கு எடை கொஞ்சம்தான் கூட. உப்பிப் போயி நாப்பது சூரியனாத் தெரியுது. வயசான நட்சத்திரம். நடுவயித்துல எரிஞ்சுக்கிட்டிருந்த ஹைட்ரஜன் தீந்துபோச்சு. நடுப்பாகம் சுருங்குது. சுருங்கச் சுருங்க அங்க சூடு ஏறுது. அந்தச் சூட்டுல வெளிப்பக்கம் ஊதிப் பெருத்துடுச்சு. பெருத்ததால மேல்தோல் ஆறிப்போச்சு. அதான் ஆரஞ்சு. நம்ம சூரியனோட சூட்டுல மூணுல ரெண்டு பங்குகூடத் தேறுமா தேறாதான்னு இருக்கு."

"ஆறிப்போச்சுன்னா அவ்வளவு தூரத்துலருந்து எப்படித் தெரியுது?" என்று கேட்டாள் ஒருத்தி. அவருடைய 'எப்படி' அவருக்கே திரும்பியது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம், பாவம்.

"நல்லாக் கேட்ட. அடுப்பு சோந்து எரிஞ்சாலும் வாய் அகலமா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி வருமா இல்லையா? அது மேனி அகலம். அதனால மொத்த வெளிச்சம் சூரியனவிடப் பல நூறு மடங்கு. ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணும் கெட்டியில்ல. நாம இப்ப மூச்சு விடறமே இந்தக் காத்து, சராசரியாப் பாத்தா அது இதைவிட லேசு."

"காத்தைவிட லேசா?" என்று துணியைக் கல்லில் அடித்தபடி ஒருத்தி கேட்டாள். "காத்து கருப்புக்கூட லேசுதான் மண்டோர். அடிச்சா ஆள் பொழைக்கிறானா?"

குழாயடியே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பொரிப் பையை அங்கிருந்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஏறினார். பாதி ஏற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். பட்டப்பகலில் என்ன நட்சத்திரம் பார்க்கிறார் என்று அதற்கும் சிரித்தோம்.

முப்பதாம் நாள் வந்தது. என் வீட்டு வாசலில்தான் சாமி கும்பிட்டோம். டிரசர் வந்திருந்தார். அவர்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பு, எல்லா வீட்டு விசேஷத்துக்கும் வந்துவிடுவார். கங்காணி வந்தார். கோலா தெர்லாக்காரர்கள் புதுச் சட்டையும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் மனைவி தன் வீட்டுப் படியிலேயே நின்றாள், இறங்கவில்லை. பிள்ளைக்காரி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பூச்செடிக்காரரின் மனைவி கையை நீட்டியபோது மண்டோர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா. எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நட்சத்திரம் பத்தி இல்ல, பயப்படாதீங்க."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"சின்ன வயசுல எனக்கு முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சு. அந்தக் காய்ச்சல் இருதய வால்வக் கெடுத்துட்டுப் போயிடுச்சு. எந்தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே ஈப்போ ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆப்பரேஷன் பண்ணாலும் பொழைக்கலாம், பொழைக்காமலும் போலாம்னாங்க. நான் பண்ணிக்கல. தெரிஞ்சா அடுப்புலருந்து எடுத்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. எம்பொண்டாட்டிக்கும் தெரியாது. மேட்டுல ஏறறப்ப நின்னு நின்னு வானத்தக் காட்டுவேனே, அது மூச்சு வாங்கத்தான்."

மண்டோர் தங்கச்சி பக்கத்தில் போய் நின்றார்.

"நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன். அது எனக்குத் தெரியும். போறன்னிக்கு யாரும் இந்தப் பையனக் கைகாட்டக் கூடாது. இவங்கம்மா சடை பின்னித் திரிஞ்ச காலத்துலயே என் வால்வு கெட்டுடுச்சு. இவன் பொறந்ததால அது எப்படிக் கெட்டுச்சுன்னு சொல்றவங்க இப்பவே சொல்லுங்க. நான் உயிரோட இருக்கறப்பவே கேட்டுக்கறேன்."

படியில் நின்றிருந்த அவர் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"டிரசர், கேட்டுப் பாருங்க."

டிரசர் தன் குழாயை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு குழாயைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "இருக்கு. அந்த வால்வு இரைச்சல் நல்லாவே கேக்குது," என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூச்செடிக்காரரின் மனைவி கொண்டுவந்த சட்டையைப் பிள்ளையின் மேல் வைத்து, "போட்டுவிடு தாயி, பனி அதிகம்," என்று சொல்லி எழுந்தாள். அந்தப் புண்ணியவதி நன்றாயிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் மண்டோர் மனைவி என் வீட்டுக்குள் புயலாக வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "எத்தனை வருஷம் ஒரே பாயில படுத்தேன்! நெஞ்சு அப்படி அடிக்குதே, என்னன்னு கேட்டா, உன்னப் பாத்துத்தாண்டின்னு சொன்னாரு. நானும் வெக்கங்கெட்டு நம்பியிருக்கேன். எழவெடுத்த நட்சத்திரத்தோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்லா நான்!" சொல்லிக்கொண்டே தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வா, உன் வீட்டுக்கு," என்று நாத்தனாரிடம் ஒரு அதட்டல். அவ்வளவுதான். பிள்ளை அந்தப் படி ஏறியது.

அவருக்கு அடுப்பு போனது. டிரசர் காதால் கேட்டதை எழுதாமல் இருக்க முடியாது, மேனேஜரும் படித்ததைப் படிக்காதது போல் இருக்க முடியாது. பேக்டரி கேட்டில் குறுக்கே கட்டிய சங்கிலியைத் தூக்கி லோரிகளை விடுகிற வேலை கொடுத்தார்கள். மண்டோர் பட்டம் போனாலும் நாங்கள் அப்படியேதான் கூப்பிட்டோம். அவருக்கு அது பெரிய துக்கம். வாய்விட்டே சொன்னார். "நெருப்பப் பாக்காம கண்ணு மங்குது தங்கச்சி." புது மண்டோர் கேட் பக்கம் வந்தால், "இன்னிக்கு என்ன நெறம்?" என்று கேட்பார். அவன் தெர்மாமீட்டரில் கண்ட எண்ணைச் சொல்வான். "நெறத்தச் சொல்லுலா," என்பார் அலுப்போடு.

மருமகன் நடக்க ஆரம்பித்த பிறகு கேட் குடிசையிலேயே கிடந்தான். கியா பார்ம் காய்கறி லோரிக்காரர்கள்கூட அங்கே ஒதுங்கினால் ரோகிணி பாடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒருநாள் அந்தி இருட்டும் நேரம் பிள்ளையைத் தேடிக்கொண்டு அவர் மனைவி போனாள், நானும் கூடப் போனேன். பையன் அவர் தோளில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எப்ப மாமா சாவும்?"

"அதுக்கு ரொம்ப காலம் இருக்கு. இன்னும் ஊதும். அப்புறம் மேல்தோலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பிச்சுக்கிட்டுப் போயிடும். நடுவுல சின்னதா வெள்ளையா ஒரு கங்கு மட்டும் இருக்கும்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நல்ல மழை பெய்த ஒரு பகலில், கேட்டில் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. சங்கிலி தூக்காமல் குறுக்கே கிடந்தது. தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் இறங்கிப்போய்த் தொட்டிருக்கிறான். தூங்கவில்லை.

சாவு வீட்டுக்குப் பீடோரிலிருந்து அவர் ஒன்றுவிட்ட தம்பி வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாத்தீங்களா. ரோகிணி விடுமா?" என்றான். அவன் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. வெளியூர்க்காரன், தெரியாதவன். ஆனால் அன்றைக்கு என் வாசலில் உட்கார்ந்து காதால் கேட்டவர்கள், டிரசர் குழாய் வைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், அவர்களும் தலையாட்டினார்கள். "வால்வுன்னு அவர் வாயாலயே சொன்னாரேய்யா!" என்று கத்தினேன். "வால்வுதான். அந்த வால்வு இத்தனை வருஷம் ஓடுச்சே, இப்ப ஏன் நின்னுச்சு?" என்றான் ஒருத்தன். அதற்கு 'எப்படி' என்று கேட்க அவர் இல்லை.

அவர் மனைவி பிள்ளையை ஏறெடுத்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. காரியம் முடிந்து கொழுந்துக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். நாத்தனார் பிள்ளையை அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டாள். என் கொட்டகையில் பிள்ளைகள் அவனை 'மாமனைத் தின்னவன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் பேசுவதைத்தானே பிள்ளைகள் பேசும். முதலில் கூப்பிட்ட பயலை நான் வெளுத்து வாங்கினேன், அவன் அம்மா என்னோடு சண்டைக்கு வந்தாள். வரட்டும் என்று நின்றேன்.

வருஷம் திரும்பியதும், பையனுக்குக் காது குத்த வேண்டும் என்றாள் மண்டோர் மனைவி. அவளே போய் ஆசாரியிடம் நாள் சொன்னாள், அவளே பிரிஞ்சாங் கோயிலில் ஏற்பாடு செய்தாள். புதுத் துணி, பூ, பழத்தட்டு எல்லாம் அவள் வாங்கியதுதான். ஆனால் கோயிலுக்கு வந்ததும் தாலி அறுத்தவள் என்று தானாகவே செருப்பு விடும் இடத்துப் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டாள். அப்படித்தான் நிற்க வேண்டும், யாரும் சொல்லவில்லை.

மணையைப் போட்டு, ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு, "மாமன் வந்து உக்காருங்க," என்றார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இல்லை என்றால் மாமன் முறையில் யாராவது உட்கார்ந்தால் போதும். முறைக்கு இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள். பீடோர்க்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். "லோரிய ரோட்டோரமா விட்டுட்டு வந்துட்டேன், போலிஸ் வந்துடுவான்," என்று படி இறங்கினான். இன்னொருவன் கியா பார்மில் பூ விற்கிறவன். "எனக்கு இடுப்புப் புடிச்சிருக்கு, கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாது," என்றான். அவன்தான் கொஞ்சம் முன்னால் பழத்தட்டைத் தரையிலிருந்து குனிந்து தூக்கிக் கொடுத்தவன்.

மணை காலியாகக் கிடந்தது. பையன் புதுச் சட்டையில் அதன் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பெற்றவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, யாரும் இல்லையா?" என்று மறுபடி கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்கும் கூனிப்போகிறேன்.

செருப்புப் பக்கமிருந்து அவள் வந்தாள். கூட்டத்தை விலகச் சொல்லவில்லை, தானே விலகியது. ஐயர், "அம்மா, நீங்க மணையில..." என்று ஆரம்பித்தார். அவர் பக்கம் திரும்பவே இல்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையனைக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் இரண்டு கைகளையும் தன் ஒரு கையால் பிடித்து, தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"குத்துங்க ஆசாரி."

ஆசாரி ஐயரைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லாததால் குத்தினார். பையன் கோயில் அதிர அலறினான். ஒரு கையை எப்படியோ உருவி அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. உருவிய கையை மறுபடி பிடித்துக்கொண்டு, அவன் தலையை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினாள்.

"இன்னொரு காது இருக்கு," என்றாள்.